ஓடுதளத்தை விட்டுத் தள்ளிப் போங்கள்: கோவைக் கல்லூரிகளின் மாதிரி விமானக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மாதிரி விமானக் குழுக்களில் இருக்கும் மாணவ, மாணவியருக்கும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

பீளமேடு, காளப்பட்டி, சரவணம்பட்டி, நீலாம்பூர் என்று கோவையின் கிழக்கிலும் வடக்கிலும் இருக்கிற பொறியியல் கல்லூரிகளில் விமானம் செய்து பறக்கவிடும் பிள்ளைகள் இன்று நிறையப் பேர். போட்டி நெருங்கும் மாதங்களில் விடிந்ததும் விடியாததுமாகக் கல்லூரி மைதானத்தில் ஒரு கூட்டம் நிற்கிறது. சைட் பிரித்து, தார் ரோடு போட்டு, வீடு எழும்பாமல் கிடக்கிற பூமிகளில் இன்னொரு கூட்டம். பால்சா மரத்தை அறுத்து, சன்பேக் பிளாஸ்டிக் ஷீட்டை மடித்து, சர்வோ மோட்டார் கம்பியை வளைத்து நீங்களே செய்த விமானம் தரையை விட்டுக் கிளம்பும்போது நீங்கள் போடுகிற கூச்சலுக்கு ரோட்டில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் பார்க்கிறார்கள். நான் கணபதியில் சின்னதாக லேத் பட்டறை வைத்திருப்பவன். வெகு காலமாக ஆர்.சி. விமானம், அதாவது ரிமோட்டில் ஓட்டும் விமானம், செய்து விடுகிறவன். மோட்டார் மவுண்ட் கடைந்து வாங்க உங்களில் சிலர் என் பட்டறைக்கு வந்திருக்கிறீர்கள். அந்தப் பழக்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

சொல்ல வந்தது இதுதான். நீங்கள் விடுகிற இடங்களில் பெரும்பாலானவை கோவை விமான நிலையத்துக்கு மிகவும் பக்கம். அங்கே தாழ்வாக விட்டாலும் தப்புத்தான், கவனமாக விட்டாலும் தப்புத்தான். இடத்தை மாற்ற வேண்டும்.

இதை நேரில் சொன்னபோதெல்லாம் எனக்குக் கிடைத்த பதில், "நாங்க நூறடிக்கு மேல போறதே இல்லீங்ணா" என்பதுதான். யாரும் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொல்கிறார்கள். அதனால் அந்த உயரக் கணக்கையே முதலில் எடுத்துக்கொள்வோம்.

பயணிகள் விமானம் வழக்கமாக 3 பாகைச் சரிவில் இறங்கி வரும். ஓடுதளத்தின் முனையைக் கடக்கும்போது ஏறத்தாழ 50 அடி உயரத்தில் இருக்கும். அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள், உங்களுக்கு டேன்ஜென்ட் நான் சொல்லித்தர வேண்டியதில்லை. முனைக்கு ஒரு கிலோமீட்டர் முன்னால் விமானத்தின் உயரம் சுமார் 68 மீட்டர். இரண்டு கிலோமீட்டர் முன்னால் 120 மீட்டர். மூன்று கிலோமீட்டர் முன்னால் 172 மீட்டர். அந்த நடு எண்ணைக் கவனியுங்கள். 120 மீட்டர் என்றால் 400 அடி. மாதிரி விமானமும் ட்ரோனும் பறக்கலாம் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிற அதே 400 அடி. ஓடுதளத்துக்கு நேராக இரண்டு கிலோமீட்டரில் நின்று ஒருவர் 400 அடிக்குள் பறக்கவிட்டால் அவருடைய விமானம் ஏர்பஸ் வருகிற கோட்டிலேயே இருக்கிறது. மேலே சொன்ன உயரமெல்லாம் ஓடுதள மட்டத்திலிருந்து அளந்தவை. நீங்கள் நிற்பது மேட்டுப் பூமியாக இருந்தால் இடைவெளி இன்னும் குறையும்.

கோவை ஓடுதளம் ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நீளம். வடகிழக்கிலிருந்து தென்மேற்காகக் கிடக்கிறது. வடகிழக்கு முனைக்கு எதிரே நீலாம்பூர். தென்மேற்கு முனைக்கு அப்பால் சிங்காநல்லூர் பக்கம். இந்த இரண்டு பக்கமும் எத்தனை லே-அவுட் இருக்கிறது, எத்தனை காலி மைதானம் இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

சரி, 400 அடி வேண்டாம், நூறு அடியிலேயே நிற்போம் என்கிறீர்கள். அது நூறு அடிதான் என்று எப்படித் தெரியும்? ஒன்றரை மீட்டர் இறக்கை உள்ள விமானம் 120 மீட்டர் தூரத்தில் இருக்கும்போது, கையை நீட்டிப் பிடித்தால் சுண்டுவிரல் அகலத்தைவிடச் சின்னதாகத் தெரியும். 200 மீட்டரில் சுண்டுவிரலில் பாதி அகலம்கூட இருக்காது. பின்னணியில் மரமோ கட்டடமோ இல்லாத வெறும் வானத்தில் இந்த வித்தியாசத்தைக் கண்ணால் அளக்க யாராலும் முடியாது. விமானம் பெரியதாகத் தெரிகிறதா, பக்கத்தில் இருக்கிறதா என்பதையே கண் குழப்பிக்கொள்ளும். வெயில் எதிரே இருந்தால் மூக்கு எது, வால் எது என்பதும் மறந்துபோகும். மேலே பார்த்துக்கொண்டே "எண்பதடி இருக்கும்" என்று சொல்வதெல்லாம் வெறும் ஊகம். விமானத்தில் உயரமானி வைத்து, அது அனுப்புகிற எண்ணைத் தரையில் டெலிமெட்ரியில் பார்த்தவர்களுக்கு இது முதல் நாளே புரிந்திருக்கும்.

இதோடு நம்ம ஊர்க் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று திறந்துகொண்டால் ஆடி முடியும்வரை நிற்காது. மேற்கிலிருந்து கிழக்காகத் தள்ளும். லேசான ஃபோம் விமானம் எதிர்க்காற்றில் முழு த்ராட்டில் கொடுத்தும் ஒரே இடத்தில் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அந்த நேரத்தில் பேட்டரி இறங்கினாலோ சிக்னல் அறுந்தாலோ விமானம் காற்றோடு கிழக்கே போகும். பீளமேட்டு மைதானத்துக்குக் கிழக்கே என்ன இருக்கிறது? ஓடுதளம் இருக்கிறது. காளப்பட்டி, சரவணம்பட்டிக்காரர்களும் தப்பித்தோம் என்று இருந்துவிட முடியாது. சித்திரை வெயிலில் மத்தியானம் கிளம்புகிற தெர்மலில், அதாவது மேலெழும் சூட்டுக் காற்றில், மாட்டிய கிளைடர், மோட்டாரை நிறுத்தின பிறகும் ஒரே நிமிடத்தில் நூறு மீட்டர் ஏறிவிடும். அதைக் கீழே இறக்க முடியாமல் திண்டாடியவர்கள் நம் வட்டாரத்தில் எவ்வளவோ பேர்.

அதனால்தான் உயரத்தைப் பாதுகாப்பாக எண்ணாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். உயரம் கை மீறிப் போகக்கூடியது. தூரம் அப்படி இல்லை. அன்னூரில் நின்று விட்டால், எந்தக் கோளாறு நடந்தாலும் அந்த விமானம் பீளமேட்டுக்கு வந்து சேராது.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். இதில்தான் கல்லூரிகள் பெரிய குழப்பத்தில் இருக்கின்றன என்பது என் எண்ணம்.

2021 ஆகஸ்ட் 25 அன்று வந்த ட்ரோன் விதிகள்தான் நமக்கும் பொருந்துகிற விதிகள். "அது ட்ரோனுக்கு, நாங்கள் விடுவது பிளேன்" என்று ஒதுங்க வழியில்லை. இறக்கை விமானம், சுழலி, இரண்டும் கலந்தது என்று ஆளில்லா விமானங்களின் மூன்று வகைகளையும் அந்த விதிகள் எடுத்துச் சொல்கின்றன. மாதிரி விமானத்துக்கென்று தனி வரையறையே இருக்கிறது: 25 கிலோவுக்கு மிகாமல், படிப்பு, ஆராய்ச்சி, வடிவமைப்பு, சோதனை, பொழுதுபோக்கு ஆகியவற்றுக்காக மட்டும், கண்பார்வைக்குள் பறக்கவிடப்படுவது. இதற்கு வகைச் சான்றிதழ் (அந்த வடிவமைப்பைச் சோதித்துத் தருகிற சான்று) வேண்டாம் என்று சலுகையும் உண்டு. நல்ல சலுகைதான். ஆனால் எங்கே பறக்கலாம் என்பதில் சலுகை கிடையாது.

வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். 2021 செப்டம்பரில் வெளியான வரைபடம் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணையதளத்தில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். செயல்பாட்டில் உள்ள விமான நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் தரையிலிருந்தே பச்சை கிடையாது. முன்அனுமதி இல்லாமல் ஓர் அடிகூட ஏறக்கூடாது. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடிக்குள் பச்சை, அதற்கு மேல் மஞ்சள். 12 கிலோமீட்டரைத் தாண்டினால்தான், வேறு தடை எதுவும் இல்லாத இடங்களில், அந்த 400 அடி கிடைக்கிறது. மஞ்சளில் பறக்க வேண்டுமானால் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அனுமதி வேண்டும். சிவப்பில் மத்திய அரசின் அனுமதி வேண்டும். மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

சுற்றுச்சுவரிலிருந்து 8 கிலோமீட்டர் என்றால் எவ்வளவு தூரம் வருகிறது தெரியுமா? பீளமேடு உள்ளே. சின்னியம்பாளையம், இருகூர், சிங்காநல்லூர், காளப்பட்டி, நீலாம்பூர் எல்லாம் உள்ளே. சரவணம்பட்டி உள்ளே. என் பட்டறை இருக்கிற கணபதியும் உள்ளே. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுவரை வந்துவிடும். கோவையின் கிழக்குப் பாதியில் பச்சை என்று சொல்ல ஒரு மைதானம் இல்லை.

ஆசிரியர்களுக்குத் தெரிந்த ஒரு விலக்கு இந்த விதிகளில் இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் ஆராய்ச்சிக்காகப் பறக்கவிட்டால் வகைச் சான்றிதழ், பதிவு எண், விமானி சான்றிதழ் எதுவும் தேவையில்லை. இதை மேற்கோள் காட்டித்தான் "எங்கள் வளாகத்துக்குள் விடுகிறோம், எங்களுக்கு விலக்கு இருக்கிறது" என்று சொல்கிறார்கள். ஐயா, அந்த விதியின் மீதியையும் படியுங்கள். பச்சை மண்டலத்துக்குள் இருக்கும் சொந்த வளாகம், அல்லது பச்சை மண்டலத்துக்குள் தங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் திறந்தவெளி, இந்த இரண்டில் ஒன்றில் நடந்தால்தான் விலக்கு. பீளமேட்டு வளாகம் உங்களுடையதாகவே இருக்கட்டும். அதன் மேலே இருக்கிற வானம் பச்சை இல்லை. கோவை விமான நிலையத்தைச் சுற்றியிருக்கிற ஒரு கல்லூரிக்கும் இந்த விலக்கு அதன் சொந்த மைதானத்தில் உதவாது. இதைத் தெரியாமல் துறைத்தலைவர் கையெழுத்துப் போட்டு மாணவர்களை மைதானத்துக்கு அனுப்பினால், நாளைக்கு ஒன்று நடந்தால் மாட்டுவது அந்தப் பிள்ளைகள்தான். காவல் நிலையத்தில் பெயர் ஏறினால் பாஸ்போர்ட் சரிபார்ப்புவரை அது கூடவே வரும். விமானத் துறையில் வேலைக்குப் போக வேண்டும் என்று கனவோடு படிக்கிறவர்களுக்கு இது வேண்டாம்.

கோவைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விமான நிலையத்துக்குக் கிழக்கே சுமார் 13 கிலோமீட்டரில் சூலூர் விமானப்படைத் தளம். ஒன்றை விட்டு விலகி அவினாசி ரோட்டிலோ திருச்சி ரோட்டிலோ கிழக்கே போனால் இன்னொன்றின் வட்டத்துக்குள் நுழைகிறோம். நடுவில் பச்சை இருக்கும் என்று தேட வேண்டாம், இரண்டு வட்டமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கின்றன. சூலூர், தேஜஸ் போர் விமானங்கள் பறக்கிற தளம். சாரங் ஹெலிகாப்டர் சாகச அணியின் வீடும் அதுதான். போர் விமானம் வருகிற வேகத்தில் வானத்தைப் பார்த்து எச்சரிக்க நிற்கிற உங்கள் ஸ்பாட்டர் சத்தம் கேட்டுத் திரும்புவதற்குள் அது தாண்டிப் போயிருக்கும். ஹெலிகாப்டரோ ஓடுதளக் கோட்டைப் பிடித்து வரவேண்டிய அவசியமே இல்லாதது. எந்தத் திசையிலிருந்தும், தென்னை மரத்துக்குக் கொஞ்சம் மேலேயும் வரும். சூலூர் பக்கத்தில் அனுமதி கேட்டுப் பார்க்கலாமா என்ற யோசனையே வேண்டாம் என்பேன். அது படை இடம், விட்டுவிடுங்கள்.

சேலத்துக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் வந்துபோகும் விமானம் குறைவு என்பதால் வட்டம் சின்னதாகிவிடாது. அதே 8, அதே 12.

"தெர்மாகோலுங்ணா, எண்ணூறு கிராம்தான்" என்று சொல்கிறவர்களுக்கு இனி. விமானத்தில் தெர்மாகோல் மட்டுமா இருக்கிறது? லிப்போ பேட்டரி இருக்கிறது, செம்புக் கம்பி சுற்றிய மோட்டார் இருக்கிறது, எஃகுத் தண்டு இருக்கிறது. எடையில் பெரும்பங்கு கெட்டியான இந்தச் சாமான்களில்தான். ஏர்பஸ் 320 இறங்கும்போது அதன் வேகம் சுமார் 140 நாட், அதாவது மணிக்கு 260 கிலோமீட்டர். உங்கள் விமானம் அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தாலும் மோதல் அந்த வேகத்தில்தான் நடக்கும். காற்றின் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால், இரண்டு கிலோ விமானத்தை 260 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் என்ன வேகத்தில் தரையில் அடிக்குமோ, கிட்டத்தட்ட அதே வேகம் இது. பருந்து மோதுகிறதே, விமானம் தாங்குகிறதே என்றும் கேட்பார்கள். பறவை மோதினால் என்ன ஆகும் என்று சோதித்துத்தான் எஞ்சினுக்கும் கண்ணாடிக்கும் சான்று கொடுக்கிறார்கள். பேட்டரியும் மோட்டாரும் மோதுவதற்கு அப்படி ஒரு சோதனை வைத்துச் சான்று கொடுப்பதில்லை. பறவை உடம்பு சிதறி வழிந்துவிடும். உலோகம் குத்திக்கொண்டு உள்ளே போகும்.

2018இல் அமெரிக்காவின் டேட்டன் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு கிலோவுக்கும் குறைவான ட்ரோனைச் சின்ன விமானத்தின் இறக்கை மேல் மணிக்கு 238 மைல் வேகத்தில் ஏவிப் பார்த்தார்கள். இறக்கையின் முன்விளிம்பைக் கிழித்துக்கொண்டு உள்ளே போய், இறக்கையைத் தாங்குகிற முக்கிய விட்டத்தைச் சேதப்படுத்தியது. அந்த வேகம் நிஜத்தில் வருவதைவிட அதிகம் என்று ட்ரோன் செய்கிற நிறுவனம் சண்டை போட்டது. அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை, ஏனென்றால் நிஜத்திலும் நடந்திருக்கிறது. 2017 அக்டோபரில் கனடாவின் கியூபெக் நகரத்தில் தரையிறங்கிக்கொண்டிருந்த பயணிகள் விமானத்தின் இறக்கையில் ட்ரோன் மோதியது. 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயை அணைக்கப் பறந்துகொண்டிருந்த தண்ணீர் விமானத்தின் இறக்கையில் ஒரு ட்ரோன் ஓட்டை போட்டது. அந்த ட்ரோன் 250 கிராமைக்கூடத் தாண்டாத வகை. ஊர் எரிகிற நேரத்தில் அந்த விமானம் பழுதுபார்க்கத் தரையில் நின்றது. நம்மைப் போன்ற ஆர்.சி. விமானமும் இந்தக் கணக்கில் உண்டு. 2010 ஆகஸ்டில் கொலராடோவில், தாழப் பறந்த இரட்டை இறக்கை விமானமும் ஒரு பெரிய ஆர்.சி. விமானமும் மோதின. கீழ் இறக்கை நொறுங்கியும் விமானி பத்திரமாக இறங்கிவிட்டார்.

மோதவே வேண்டியதில்லை. 2018 டிசம்பரில் லண்டன் கேட்விக் விமான நிலையத்தில் ட்ரோனைப் பார்த்தோம் என்று வந்த தகவல்களுக்காகவே ஓடுதளத்தை மூடினார்கள். ஏறத்தாழ ஆயிரம் விமானங்கள் ரத்தாகின அல்லது வேறு ஊருக்குத் திரும்பின, 1,40,000 பயணிகள் அல்லாடினார்கள். கோவையில் இருப்பது ஒரே ஓடுதளம். கடைசி நிமிடத்தில் ஒரு விமானி வெள்ளையாக ஏதோ பறக்கிறது என்று சொல்லி மறுபடி மேலே ஏறினால், பின்னால் வருகிற விமானங்கள் எல்லாம் வட்டமடிக்க வேண்டும், எரிபொருள் குறைந்தால் கொச்சிக்கோ பெங்களூருக்கோ திரும்ப வேண்டும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களில் ஆபரேஷனுக்கு வருகிற நோயாளி இருப்பார், ஷார்ஜாவிலிருந்து பல வருடம் கழித்து வருகிற ஒருவருடைய அப்பா இருப்பார்.

விமானி நம்மைப் பார்த்து விலகிக்கொள்வார் என்ற எண்ணம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். இறங்கும் வேகத்தில் ஒரு கிலோமீட்டரை அவர் 14 வினாடியில் கடக்கிறார். கண் பாதி நேரம் கருவிகளில் இருக்கும். மோதல் எச்சரிக்கைக் கருவி, பதில் சிக்னல் அனுப்புகிற டிரான்ஸ்பாண்டர் இருக்கிற விமானத்தைத்தான் காட்டும், நம்முடையதில் அது கிடையாது. ஃபோமும் பால்சாவும் ரேடாரில் நம்பும்படி தெரிவதும் இல்லை. விதியும் அதையே சொல்கிறது: வழிவிட வேண்டியது எப்போதும் ஆளில்லா விமானம்தான்.

கல்யாண மண்டபங்களில் ட்ரோன் விடுகிறார்களே என்ற கேள்விக்கு நான் மழுப்பப் போவதில்லை. அவினாசி ரோட்டு மண்டபங்களில் அனுமதி இல்லாமல் விட்டால் அதுவும் தப்புத்தான். ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பாருங்கள். கடையில் வாங்கிய ட்ரோனில் ஜி.பி.எஸ். இருக்கிறது, உயரம் எண்ணாக வருகிறது, சிக்னல் போனால் கிளம்பின இடத்துக்கே திரும்பும். பல ட்ரோன்கள் விமான நிலையம் பக்கம் என்று தெரிந்தால் எச்சரிக்கும் அல்லது கிளம்பவே மறுக்கும். நாம் கையால் செய்த விமானத்தில் இவை எதுவும் கிடையாது. அதைத் தடுக்க உங்கள் கட்டைவிரல்களைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்படியானால் அவர்களைவிட நாம்தான் தள்ளி நிற்க வேண்டும்.

இனி ஆசிரியர்களிடமும் கல்லூரி நிர்வாகங்களிடமும் நேராகக் கேட்கிறேன். தடை போட்டு முடித்துக்கொள்ளாதீர்கள். "மைதானத்தில் இனி விமானம் விடக்கூடாது" என்று ஒரு சுற்றறிக்கை ஒட்டினால் பிள்ளைகள் விடுவதை நிறுத்த மாட்டார்கள். இருட்டோடு கிளம்பி, யாரும் இல்லாத லே-அவுட்டுக்குப் போவார்கள். அங்கே பெரியவர் ஒருவரும் இருக்க மாட்டார். அது இப்போது இருப்பதைவிட ஆபத்து. அவர்களுக்கு ஓர் இடம் பார்த்துக் கொடுங்கள்.

இடம் கிடைக்காமல் இல்லை. அன்னூர் பக்கம் இருக்கிறது, கிணத்துக்கடவு பக்கம் இருக்கிறது, இரண்டுமே விமான நிலையத்தையும் சூலூரையும் விட்டு 20 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி. அறுவடை முடிந்த மேட்டாங்காட்டைத் தோட்டத்துக்காரரிடம் வருடக் குத்தகைக்குப் பேசலாம். நூறு மீட்டர் நீளத்துக்கு மண்ணை நிரவி உருளை ஓட்டினால் நம் விமானங்களுக்குப் போதும். ஒரு கல்லூரி தனியாகச் செய்ய வேண்டாம். நான்கைந்து கல்லூரிகள் சேர்ந்தால் ஆளுக்குப் பெரிய தொகை வராது. ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்லூரி பஸ்ஸை விட்டால் பிள்ளைகள் இறக்கையை டூவீலரில் கட்டிக்கொண்டு நெடுஞ்சாலையில் போக வேண்டியதும் இருக்காது. இடம் பச்சை மண்டலத்தில், உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் நான் மேலே சொன்ன ஆராய்ச்சி விலக்கும் அங்கே முறையாகக் கிடைக்கும். இடம் பார்க்கும்போது உயரழுத்த மின்கம்பி, பக்கத்துப் பள்ளிக்கூடம், கோழிப்பண்ணை மூன்றையும் பாருங்கள். காற்றாலை இருக்கிற உடுமலை, பல்லடம் பக்கமென்றால் விசிறியிலிருந்து நன்றாகத் தள்ளி நிற்க வேண்டும். மேற்கே தொண்டாமுத்தூர்ப் பக்கம் வானம் காலியாகத்தான் இருக்கிறது. ஆனால் காட்டோரத்தில் விமானம் விழுந்து அதைத் தேடி மாணவர்கள் யானை நடமாடும் இடத்துக்குள் போவதை நான் விரும்பவில்லை.

வளாகத்துக்குள்ளேயே செய்ய முடிகிற வேலைகளை வளாகத்திலேயே செய்யுங்கள். மோட்டார் தள்ளுவிசை அளப்பது, சர்வோ திசை பார்ப்பது, சி.ஜி. என்கிற எடை மையத்தை நிறுத்துவது இதற்கெல்லாம் வானம் தேவையில்லை. உள்விளையாட்டு அரங்கம் இருந்தால் சின்ன ஃபோம் விமானத்தைக் கூரைக்குக் கீழே விட்டுப் பழகலாம். கம்ப்யூட்டரில் சிமுலேட்டர் இருக்கிறது, அதில் எவ்வளவு மணி நேரம் உட்கார்ந்தாலும் நல்லதே.

மாணவர்களுக்கு, கண்ணுகளா, வெளியே போன பிறகும் சில காரியங்களை விடாதீர்கள். கிளம்புகிற அன்று காலை வரைபடத்தை மறுபடி பாருங்கள். பார்ப்பது கட்டாயம் என்று விதியிலேயே இருக்கிறது, முக்கியஸ்தர் யாராவது வந்தால் ஒரு பகுதியைத் தற்காலிகச் சிவப்பாக அறிவிக்கவும் முடியும். சிக்னல் அறுந்தால் மோட்டாரை நிறுத்துகிற ஃபெயில்சேஃபை ஒவ்வொரு தடவையும் சோதியுங்கள்: விமானத்தை ஒருவர் பிடித்துக்கொள்ள, டிரான்ஸ்மிட்டரை அணைத்துப் பாருங்கள், மோட்டார் நிற்க வேண்டும். சில ரிசீவர்கள் கடைசியாக வந்த கட்டளையையே பிடித்துக்கொண்டு நிற்கும், அது முழு த்ராட்டிலாக இருந்தால் விமானம் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. சிக்னல் எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று பார்க்கிற ரேஞ்ச் செக் செய்யாமல் முதல் பறப்பு வேண்டாம். உயரமானி ஒன்று வாங்குங்கள். ஸ்டிக் பிடிக்கிறவர் பக்கத்தில் வானத்தை மட்டும் பார்க்க ஒருவர் நிற்க வேண்டும், அவர் கையில் போன் இருக்கக் கூடாது. ஆள் இருக்கிற விமானத்தின் சத்தம் எந்தத் திசையில் கேட்டாலும் முதலில் இறக்குங்கள், எங்கே என்று அப்புறம் பார்க்கலாம். விமானத்துக்குள் குழுவின் பெயரையும் ஒரு தொடர்பு எண்ணையும் ஒட்டி வையுங்கள்.

கட்டுப்பாட்டு அறையில் அனுமதி கேட்டுவிட்டு விமான நிலையம் பக்கமே விடலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். சட்டப்படி கேட்கலாம். பயிற்சிக்காக ஒவ்வொரு வாரமும் அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் கவனத்தைத் திருப்புவது சரியில்லை என்று எனக்குப் படுகிறது. கல்லூரி விழாவில் ஒரு நாள் காட்டுவதற்கு வேண்டுமானால் முறையாக விண்ணப்பிக்கட்டும், அதுவும் இறங்குபாதைக்கு வெளியே இருக்கிற வளாகம் மட்டும்.

தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் கோவை ஒன்று, சேலம் ஒன்று. வரப்போகிற வருடங்களில் ஆளில்லா விமானம் வடிவமைக்கத் தெரிந்த கைகள் இங்கே நிறைய வேண்டியிருக்கும். அந்தக் கைகள் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களில் நானும் ஒருவன்.

ஆடிக்காற்று அடங்கி, ஐப்பசி மழையும் ஓய்ந்தால் மார்கழி முதல் மாசி வரை காலை நேரம் நமக்குச் சொந்தம். அதற்குள் இடம் முடிவாக வேண்டும். எந்தக் கல்லூரி முதலில் முன்வந்தாலும் மற்றவர்களைக் கூட்டி உட்கார்ந்து பேசலாம். அன்னூர், கிணத்துக்கடவு இரண்டு பக்கமும் தோட்டத்துக்காரர்களிடம் பேசித்தர நான் கூட வருகிறேன். நிரவுவதற்கு உருளையும், காற்றுத் திசை காட்ட ஒரு கம்பமும் என் பட்டறையிலிருந்து வரும்.

இப்படிக்கு,
கணபதியிலிருந்து,
மாதிரி விமானம் விடும் ஒரு லேத் பட்டறைக்காரன்